கியர் ஆயிலும் வீட்டு பிரிண்டரும்: பனமலைப் பக்கத்திலிருந்து ஒரு கணக்கு

கியர் ஆயில் மாற்றும் வேலையில் பாதிக் கஷ்டம் துளை எங்கே இருக்கிறது என்பதிலேயே முடிந்துவிடுகிறது. இன்ஜின் ஆயிலுக்கு வாய் மேலே இருக்கும். மூடியைத் திருகினால் ஊற்றிவிடலாம். கார் கியர் பாக்ஸில் அப்படியில்லை. ஊற்றும் போல்ட் பக்கவாட்டில், ஆக்சிலுக்கும் அடிச் சட்டத்துக்கும் நடுவே ஒளிந்திருக்கும். அங்கே ஒரு லிட்டர் பாட்டிலைச் சாய்க்க இடம் கிடையாது. பல வண்டிகளில் அந்தத் துளையே அளவுக் குறியும்கூட. ஆயில் அதன் விளிம்பைத் தொட்டு வழிந்தால் போதிய அளவு, வழியாவிட்டால் குறைவு. ஆக, கெட்டியான ஒரு திரவத்தை எட்டாத துளைக்குள் சிந்தாமல் செலுத்தி, சரியான உயரத்தில் நிறுத்த வேண்டும். முப்பரிமாண பிரிண்டர் வீட்டுக்கு வந்த பிறகு இந்த வேலைக்கென்று புனல், பாட்டில் மூடி, குழாய் இணைப்பு, திருகு அடாப்டர் என்று ஆளாளுக்கு அச்சிட்டுத் தள்ளுகிறார்கள். அவற்றில் எது உருப்படியானது, எது வீண், எது கியர் பாக்ஸுக்கே உலை வைக்கும் என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

பார்க்கும் இடம் செஞ்சிக்குத் தெற்கே உள்ள பனமலை. ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய தாளகிரீசுவரர் கோயிலாலும், அதன் சுவரில் எஞ்சியிருக்கும் ஓவியத்தாலும், பெரிய ஏரியாலும் பெயர் பெற்ற ஊர். சுற்றிலும் நெல், மணிலா, கரும்பு. சாலையில் ஓடுவது டிராக்டர், லோடு ஆட்டோ, ஸ்கூட்டர், மொபெட், நடுவே சில கார்கள். வண்டி மக்கர் செய்தால் முதலில் செஞ்சி; அங்கே பாகம் கிடைக்காவிட்டால் விழுப்புரம் அல்லது திண்டிவனம்; அதற்கும் மேல் போனால் சென்னை புதுப்பேட்டை. கம்பெனி விற்கும் சிறப்புக் கருவிகள் இந்த வழியில் கடைசிவரை வந்து சேர்வதில்லை. அதனால் கைவசம் இருப்பதை வெட்டி ஒட்டிச் சமாளிப்பது இங்கே புதுப் பழக்கமில்லை. பிரிண்டர் அந்தப் பழைய பழக்கத்தோடுதான் போட்டி போட வேண்டும். இதை மறந்து எழுதப்படும் பாராட்டுகளில் எனக்கு நம்பிக்கையில்லை.

முதலில், எந்த வண்டிக்கு இந்தப் பேச்சே தேவை என்று பார்த்துவிடலாம். இன்றைய பைக்குகளில் பெரும்பாலானவற்றில் இன்ஜின் ஆயிலே கிளட்சையும் கியரையும் சேர்த்துக் கவனித்துக்கொள்ளும். தனி கியர் ஆயில் கிடையாது. திருவொற்றியூரில் தயாரான பழைய வார்ப்பிரும்பு புல்லட் விதிவிலக்கு. அதற்கு ஆல்பியன் வகைத் தனி கியர் பாக்ஸ். அதில் ஆயிலோடு கிரீஸும் கலந்து அடைத்த மெக்கானிக்குகள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். ஆக்டிவா போன்ற ஸ்கூட்டர்களில் பின் சக்கரத்தை ஒட்டிய சிறு கியர் பெட்டிக்குச் சுமார் 100 மில்லி போதும். அதற்கான ஆயில் நீண்ட மூக்கு வைத்த சின்ன பாட்டிலிலேயே விற்கிறது. மூக்கு உடைந்துபோனால் மாட்டு ஊசி சிரிஞ்சும் ஒரு சாண் குழாயும் வேலையை முடித்துவிடும். ஸ்கூட்டருக்காக பிரிண்டரைத் தட்டி எழுப்புவது வீண்.

சிறு கார்தான் இந்தக் கேள்வியின் நடுமையம். கை கியர் வைத்த சிறு கார்களில் சுமார் 2 லிட்டர் பிடிக்கும். 2014-இல் மாருதி செலேரியோவோடு இந்தியாவுக்கு வந்த ஏ.எம்.டி. வகையிலும் உள்ளே இருப்பது அதே கை கியர் பாக்ஸ்தான். கிளட்சையும் கியரையும் இயக்கும் ஹைட்ராலிக் பகுதிக்கு மட்டும் தனித் திரவம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. முழு ஆட்டோமேட்டிக், சி.வி.டி., இரட்டைக் கிளட்ச் வகைகள் வேறு உலகம்; அங்கே பிறகு போவோம். டிராக்டரில் கியர், பின் ஆக்சில், ஹைட்ராலிக் மூன்றுக்கும் பொதுவாக ஒரே ஆயில். ஆயிலில் மூழ்கிய பிரேக் உள்ள வண்டிகளில் பிரேக்குக்கும் அதுவே. அளவோ பல மாடல்களில் 40 லிட்டரைத் தாண்டும்.

இனி ஆயில் ஓடும் வேகம். கார்களில் பரவலாகப் போடப்படும் எஸ்.ஏ.இ. 80டபிள்யூ-90 கியர் ஆயிலின் பாகுநிலை 40 டிகிரி செல்சியஸில் சுமார் 145 சென்டிஸ்டோக். 30 டிகிரியில் ஏறத்தாழ 250. 40 டிகிரியில் தண்ணீருக்கு இது ஒன்றுக்கும் குறைவு. பிளஸ் ஒன் இயற்பியலில் வரும் பாய்சொய் சமன்பாடு இங்கே நேராகப் பயன்படுகிறது. குழாயில் ஓட்டம் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. செங்குத்தாகத் தொங்கும் குழாயில் 30 டிகிரி ஆயில் தன் எடையால் மட்டும் இறங்குவதாக வைத்துக் கணக்குப் போட்டால், உள்விட்டம் 6 மில்லிமீட்டராக இருக்கும்போது நொடிக்கு 1.25 மில்லி. 2 லிட்டர் இறங்க 27 நிமிடம் ஆகும். 8 மில்லிமீட்டர் குழாயில் எட்டரை நிமிடம். 10 மில்லிமீட்டரில் மூன்றரை நிமிடம். சித்திரை வெயிலில் ஆயில் கேனை ஒரு மணி நேரம் வெளியே வைத்து 40 டிகிரிக்கு வந்துவிட்டால் இந்த நேரமெல்லாம் ஐந்தில் மூன்று பங்காகக் குறையும். செலவில்லாத முதல் கருவி செஞ்சி வெயில்தான்.

அச்சிட்ட புனல்களில் பாதி தோற்பது இந்தக் கணக்கைப் பார்க்காததால். வடிவமைத்தவர் அழகுக்காகக் கழுத்தைச் சிறுக்கிவிடுவார், அல்லது குழாய் இணைப்பின் சுவரைத் தடிப்பாக்கி உள்துளையை 5 மில்லிமீட்டராக்கிவிடுவார். ஆயில் சொட்டுச் சொட்டாக இறங்கும். அவசரப்பட்டுப் புனலை நிரப்பினால் விளிம்பு வழிந்து சைலன்சரில் கொட்டும். காற்று வெளியேறவும் வழி விட வேண்டும். நுழையும் குழாய் துளையை முழுக்க அடைத்துக்கொண்டால் உள்ளேயிருக்கும் காற்று திரும்ப மேலே கிளம்பி ஆயிலைக் குமிழிகளோடு துப்பும். குழாயின் வெளிவிட்டம் துளையைவிடச் சில மில்லிமீட்டர் குறைவாக இருந்தாலே இந்தத் தொல்லை தீரும்.

இப்போதைய பட்டறைப் பழக்கம் என்ன? குளிர்பான பாட்டிலின் அடியை அறுத்துக் கவிழ்த்தால் புனல். அதன் கழுத்தில் ஒரு மீட்டர் பிளாஸ்டிக் டியூபைச் செருகி, பானெட்டைத் திறந்து மேலிருந்து கியர் பாக்ஸ் துளைவரை இறக்கிவிடுவார்கள். டியூப் நழுவாமலிருக்கக் கட்டுக்கம்பி. இன்னும் கொஞ்சம் முன்னேறியவர்கள் பூச்சிமருந்து அடிக்கும் 2 லிட்டர் கைப் பம்பை எடுத்துக்கொள்வார்கள். காற்றை ஏற்றி விசையை அழுத்தினால் கெட்டி ஆயிலும் கீழிருந்து மேலே ஏறும். இது நல்ல கருவி, ஒரே நிபந்தனை: மருந்து கண்ட பம்பை இதற்குத் தொடக் கூடாது. அடியில் தங்கிய தண்ணீரும் மருந்தும் ஆயிலில் கலந்தால் கியர் பல்லுக்குக் கேடு. இதற்கென்றே புதுப் பம்ப் ஒன்று வாங்கிப் பெயர் எழுதி வைத்துவிட வேண்டும்.

அதைவிட முக்கியமான போட்டியாளர் சொட்டு நீர்ப் பாசனக் கடை. 16 மில்லிமீட்டர், 12 மில்லிமீட்டர் இணைப்புகள், முழங்கை, ‘டி’, ரப்பர் கிராமெட், சிறு வால்வு எல்லாம் சில ரூபாய்க்குக் கிடைக்கின்றன. அவை அச்சுவார்ப்பில் வந்தவை. அடுக்கடுக்காக ஒட்டியவை அல்ல என்பதால் கசியாது, பிளக்காது. பாட்டில் மூடியில் ஓட்டை போட்டு ஒரு கிராமெட்டை அழுத்தி, அதில் இணைப்பைச் செருகினால் கணினி முன் உட்கார்ந்து ஒரு மாலை முழுக்க வரைந்து அச்சிடும் பாகத்தின் வேலையைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம். கரும்பும் காய்கறியும் விளையும் வட்டாரத்தில் இந்தக் கடை எட்டும் தூரத்திலேயே இருக்கிறது.

அப்படியானால் பிரிண்டருக்கு இங்கே என்ன வேலை? கடையில் கிடைக்காத இரண்டு அளவுகளை ஒன்றோடு ஒன்று சேர்க்கும் இடத்தில் மட்டும்தான் அதற்கு வேலை. சிறந்த உதாரணம் பாட்டில் கழுத்து. குளிர்பான பாட்டில்களின் 28 மில்லிமீட்டர் கழுத்தும் அதன் திருகும் உலகம் முழுவதும் தர அளவுப்படி வருபவை. பழைய உயரக் கழுத்து, புதிய குட்டைக் கழுத்து என்று இரண்டு வகைதான். அந்தத் திருகுக்குப் பொருந்தும் மூடி ஒருபுறம், 10 மில்லிமீட்டர் குழாய்க்கான மூக்கு மறுபுறம் என ஒரு பாகத்தை ஒருமுறை வரைந்துவிட்டால் அந்த வகைக் கழுத்துள்ள எந்தக் குளிர்பான பாட்டிலும் ஆயில் தொட்டியாகிவிடும். (தண்ணீர் பாட்டில்கள் சிலவற்றின் கழுத்து வேறு அளவு, வாங்கிவிட்டு ஏமாற வேண்டாம்.) கியர் ஆயில் பாட்டிலின் கழுத்து கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதற்கும் இப்படி ஒரு மூடி செய்துகொண்டால் ஆயிலை இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றும் வேலையும் தூசி விழும் வாய்ப்பும் போகும்.

இரண்டாவது பயனுள்ள பாகம், வடியும் ஆயிலைத் திருப்பிவிடும் தகடு. சில கார்களில் டிரெயின் போல்ட்டைக் கழற்றியதும் ஆயில் நேரே அடிச் சட்டத்தின் மேல் விழுந்து நான்கு பக்கமும் ஓடும். அந்தச் சட்டத்தின் வளைவுக்கு ஏற்ப ஒரு சறுக்கு வாய்க்கால் அச்சிட்டு ஒட்டவைத்தால் ஆயில் தட்டில் போய் விழும். இந்த வடிவம் எந்தக் கடையிலும் கிடைக்காது. அந்த மாடலுக்கு மட்டுமே உரியது. மூன்றாவது, குழாயைத் துளையருகே பிடித்து நிறுத்தும் கிளிப். அச்சிட அரை மணி நேரம் ஆகாது. அதுவும் நெகிழும் டி.பி.யு. பிளாஸ்டிக் இழையில் செய்தால் ஒரு கையை மிச்சப்படுத்தும். வண்டிக்கடியில் படுத்திருப்பவருக்கு இன்னொரு கை கிடைத்த மாதிரி.

எந்த இழையில் அச்சிடுவது என்பதில்தான் தமிழ்நாட்டு வெயில் உள்ளே நுழைகிறது. பழகுநர் எல்லோரும் வாங்கும் பி.எல்.ஏ. 55 முதல் 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். மே மாதப் பகலில் மூடிய காருக்குள் டாஷ்போர்டில் வைத்த பி.எல்.ஏ. புனல் சாயங்காலம் வளைந்து கிடந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஓட்டி நிறுத்திய வண்டியின் கியர் ஆயிலும் அந்தச் சூட்டைத் தாண்டியிருக்கலாம்; வடிக்கும் தகட்டைப் பி.எல்.ஏ.-வில் செய்வது தவறு. பி.இ.டி.ஜி. சுமார் 80 டிகிரிவரை தாங்கும், ஆயிலுக்கும் கெட்டுப்போகாது, அச்சிடவும் பெரிய சிரமமில்லை. என் தேர்வு அதுவே. ஏ.பி.எஸ். 100 டிகிரிவரை போகும். ஆனால் மூடிய பெட்டி வேண்டும், புகை வரும், பெட்ரோலும் பிரேக் ஆயிலும் பட்டால் விரிசல் விடும். பட்டறையில் எதையும் பெட்ரோலில் கழுவும் வழக்கம் இருப்பதால் இது சின்ன விஷயமில்லை. நைலான் உறுதியானது, ஆனால் ஈரத்தை உறிஞ்சும். ஐப்பசி மழைக் காலத்தில் உலர்த்தாமல் அச்சிட்டால் நுரை நுரையாக வரும்.

கசிவு அடுத்த தொல்லை. இழையை உருக்கி அடுக்கும் முறையில் அடுக்குகளுக்கிடையே மயிரிழை இடைவெளி இருக்கும். தண்ணீரை நிறுத்தும் சுவர்கூட மெல்லிய ஆட்டோமேட்டிக் ஆயிலை மெதுவாக வியர்க்கவிடும். பிரிண்டரின் 0.4 மில்லிமீட்டர் மூக்கில் நான்கு சுற்றுச் சுவர் வைத்து, வெப்பத்தைச் சற்று கூட்டி, வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் சரியாகும். இதே அடுக்குத்தன்மைதான் திருகுகளின் பலவீனமும். 1.5 மில்லிமீட்டர் புரியுள்ள ஒரு திருகை 0.2 மில்லிமீட்டர் அடுக்கில் அச்சிட்டால் ஒரு புரிக்கு ஏழெட்டு அடுக்குகளே வரும். ஸ்பேனர் போட்டு இறுக்கினால் அடுக்கு பிரிந்து பாதித் திருகு கியர் பாக்ஸிலேயே தங்கிவிடும். அதை வெளியே எடுப்பது ஆயில் மாற்றுவதைவிடப் பல மடங்கு வேலை. விரலால் மட்டும் திருகி, ரப்பர் வளையம் போட்டு நிறுத்துவது ஒரு வழி. பித்தளை நிப்பிள் வாங்கி அதைச் சுற்றிப் பிளாஸ்டிக் உடலை அச்சிடுவது அதைவிட நல்ல வழி. திருகு உலோகம், வடிவம் மட்டும் அச்சு.

இங்கிருந்து என் எல்லைக்கோடு எங்கே என்று தெரியும். ஆயில் உள்ளே போகும் வரை தொடும் பொருள்களை அச்சிடலாம். வேலை முடிந்த பிறகு வண்டியோடு தங்கும் எதையும் அச்சிடக் கூடாது. டிரெயின் போல்ட், லெவல் போல்ட், அவற்றின் வாஷர், காற்றுப் போக்கி மூடி இவை எல்லாம் தடை. முறுக்கு விசை தாங்கும் சாவிகளும் அப்படியே. சில வண்டிகளின் போல்ட்டுக்குச் சதுரக் குழி இருக்கும். அதற்குப் பிளாஸ்டிக் சாவி அச்சிட்டுப் பெருமைப்படுவோரும் உண்டு. துருப்பிடித்த போல்ட் முன்னால் அது ஒரு திருப்பில் சிதறும். வண்டியைத் தாங்கும் முட்டு பற்றிப் பேசவே வேண்டாம். ஜாக்கி மட்டும் போட்டு அடியில் படுப்பதும், கல்லை முட்டுக் கொடுப்பதும் ஏற்கெனவே ஆபத்து. அந்த வரிசையில் பிளாஸ்டிக்கைச் சேர்ப்பது உயிரோடு விளையாடுவது.

தூசியும் இழைத் துணுக்கும் அச்சிட்ட புனலுக்கே உரிய குறை. உள்ளே தொங்கும் மெல்லிய நூல் இழைகளைச் சுரண்டி எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்தி, முதல் முறை வெறும் ஆயிலை ஓடவிட்டு ஒரு வெள்ளைத் துணியில் பார்த்துவிட வேண்டும். கை கியர் பாக்ஸ் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். ஆட்டோமேட்டிக்கின் வால்வு பெட்டி பொறுக்காது. அங்கே இடைவெளிகள் மைக்ரான் கணக்கு.

அந்த ஆட்டோமேட்டிக் உலகத்தில்தான் அச்சிட்ட அடாப்டருக்கு உண்மையான தேவை பிறந்தது. ஒரு காலத்தில் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கும் அளவுக்கோல் இருந்தது. மேலிருந்து ஊற்றலாம், இழுத்துப் பார்க்கலாம். பிறகு வந்த பல வகைகளில் கோலை எடுத்துவிட்டு, வாழ்நாள் முழுவதுக்கும் ஒரே ஆயில் என்றார்கள். வோக்ஸ்வேகனின் ஈரக் கிளட்ச் டி.எஸ்.ஜி.யில் அடித்தட்டின் வடிகால் துளைக்குள்ளேயே வழிகுழல் ஒன்று நிற்கும். ஆயிலைக் கீழிருந்து ஓர் அடாப்டர் வழியே ஏற்றி, இன்ஜின் ஓட, கியர் பாக்ஸ் 35 முதல் 45 டிகிரிக்குள் இருக்கும்போது மிச்சம் வழிவதைப் பார்த்து அளவை முடிவு செய்ய வேண்டும். வெப்பம் ஏன் முக்கியம் என்றால், ஆயில் சூட்டில் விரியும்: 6 லிட்டர் ஆயில் 30-லிருந்து 90 டிகிரிக்குப் போனால் கால் லிட்டருக்கு மேல் பெருகிவிடும். கம்பெனியின் அடாப்டர் விலை அதிகம், கிடைப்பதும் கடினம். ஒருமுறை பயன்படுத்த பி.இ.டி.ஜி.யில் ஒன்று அச்சிட்டுக்கொள்வது நியாயம்தான். ஆனால் இங்கே ஆயில் அழுத்தத்தோடு மேலே ஏறுகிறது, ஆள் அடியில் இருக்கிறார், இன்ஜின் ஓடுகிறது. கைப் பம்பின் அழுத்தம் சில பார் வரை போகக்கூடும். ஒரு மீட்டர் உயரத்தில் தொங்கும் பாட்டிலின் அழுத்தம் அதில் இருபதில் ஒரு பங்குகூட இராது. அச்சிட்ட திருகோடு பாட்டிலைத் தொங்கவிடுங்கள்; பம்பை வேண்டுமானால் உலோக நிப்பிளோடு மட்டும் சேருங்கள். பனமலைப் பக்கம் இப்படிப்பட்ட வண்டிகள் அபூர்வம்.

டிராக்டரில் நிலைமை தலைகீழ். 20 லிட்டர் வாளிகளில் ஆயில் வரும், ஊற்றும் வாய் மேலே பெரிதாக இருக்கும். வீட்டு பிரிண்டர்களின் தட்டு பெரும்பாலும் 220 முதல் 256 மில்லிமீட்டர் சதுரம்; அதில் பிறக்கும் புனல் டிராக்டருக்குப் போதாது. கடையில் விற்கும் பெரிய தகரப் புனலே மேல். டிராக்டருக்கு வேண்டியது வேறு ஒன்று: சேற்றுழவு முடிந்ததும் சீல் வழியே தண்ணீர் புகுந்து ஆயில் மோர் நிறத்துக்குத் திரும்பியிருக்கிறதா என்று பார்ப்பது. வடிகால் அருகே கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிச் சீசாவில் ஒரு ராத்திரி வைத்தால் தண்ணீர் அடியில் தங்கும். அதற்கு எந்த அச்சும் வேண்டாம்.

முப்பரிமாண அச்சு என்றதும் தமிழ்நாட்டில் பெரிய சாதனைகள் நினைவுக்கு வரும். சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் த்வஸ்தா நிறுவனம் அச்சிட்ட வீடு 2021 ஏப்ரலில் திறக்கப்பட்டது. அக்னிகுல் காஸ்மாஸ் ஒரே துண்டாக அச்சிட்ட ராக்கெட் இன்ஜின் 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பறந்தது. முதலாவது சிமென்ட் கலவை, இரண்டாவது லேசரால் உருக்கிய உலோகத் தூள். நம் வீட்டு பிரிண்டருக்கும் அவற்றுக்கும் பொதுவாக இருப்பது அடுக்கும் எண்ணம் மட்டுமே. இழையை உருக்கும் முறைக்கு ஸ்காட் கிரம்ப் வாங்கிய காப்புரிமை 2009-இல் காலாவதியானது. அதற்கு முன்பே, 2005-இல், இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் தொடங்கிய ரெப்ராப் திட்டம் பிரிண்டரின் வடிவமைப்பை எல்லோருக்கும் திறந்துவிட்டிருந்தது. அந்த இரண்டும் சேர்ந்துதான் லட்சங்களில் இருந்த பிரிண்டரை இருபது முப்பதாயிரம் ரூபாய்க்கு இறக்கின.

அந்த இருபதாயிரத்தைப் புனலுக்காகச் செலவழிக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. ஒரு கிலோ இழை சுமார் ஆயிரம் ரூபாய். நடுத்தரப் புனல் 80 கிராம் என்றால் 80 ரூபாயும் ஐந்தாறு மணி நேர மின்சாரமும். கடைப் புனல் அதைவிடக் குறைவு. பாட்டில் மூடி அடாப்டர் 15 கிராம்தான். கடையில் கிடைக்காத பொருள். அங்கே கணக்கு நேராகிறது. பிரிண்டரோ பல அரசுப் பள்ளிகளில் ஏற்கெனவே இருக்கிறது. நிதி ஆயோக் 2016 முதல் 6-ஆம் வகுப்பிலிருந்து 12 வரையிலான மாணவர்களுக்காக அமைத்துவரும் அடல் டிங்கரிங் ஆய்வகங்களில் அது ஒரு முக்கிய உருப்படி. மாணவர் சாவிக்கொத்தும் பெயர்ப்பலகையும் அச்சிடுவதோடு நிற்காமல், வெர்னியர் காலிப்பரோடு ஊர் மெக்கானிக் ஷெட்டுக்குப் போய் ஒரு துளையை அளந்து, வரைந்து, அச்சிட்டுக் கொடுத்து, கசிந்ததைத் திருத்தினால் அதுவே நல்ல பொறியியல் பாடம். கோவையைச் சேர்ந்த ஜி.டி. நாயுடு இயந்திரங்களைப் பிரித்துக் கற்றதும் ஏறக்குறைய இந்த வழியில்தான்.

வேலை வரிசையில் ஒரு விதியை எந்தக் கருவியும் மாற்றாது. முதலில் ஊற்றும் போல்ட்டைக் கழற்ற வேண்டும், அது வந்த பிறகே வடிக்கும் போல்ட்டில் கை வைக்க வேண்டும். வடித்துவிட்டு, ஊற்றும் போல்ட் துருவேறி வர மறுத்தால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான். வடிக்கும் போல்ட்டின் காந்த முனையில் ஒட்டியிருப்பது மையைப் போன்ற மாவாக இருந்தால் இயல்பு; விரலில் குத்தும் சில்லாக இருந்தால் ஆயிலை மாற்றிப் பயனில்லை, பெட்டியைப் பிரிக்க வேண்டும். ஆயில் வகையையும் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜி.எல்.-4 கேட்கும் கை கியர் பாக்ஸில் ஜி.எல்.-5 ஊற்றினால் அதில் கூடுதலாக உள்ள கந்தக-பாஸ்பரஸ் சேர்மானங்கள் பித்தளைச் சின்க்ரோ வளையங்களைக் காலப்போக்கில் அரிக்கக்கூடும்.

கடைசியாக, வடித்த ஆயில். அதே 28 மில்லிமீட்டர் மூடி அடாப்டரைத் தட்டின் மூக்கில் பொருத்தினால் பழைய ஆயில் நேரே பாட்டிலுக்குள் இறங்கும். பாட்டிலில் கோடு போட்டு வைத்திருந்தால் எவ்வளவு வந்தது என்பதும் தெரியும். 2 லிட்டர் பிடிக்கும் பெட்டியிலிருந்து ஒன்றேகால்தான் வந்தது என்றால் எங்காவது சீல் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த ஆயிலை வேலிக்கட்டைக்கும் கதவுச் சட்டத்துக்கும் கரையான் மருந்தாகப் பூசுவது வழக்கம். மீதி சாக்கடை வழியே ஏரிக்குப் போகும். 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகள் பழைய ஆயிலைத் தம் பட்டியலில் வைத்திருக்கின்றன. 2024 ஏப்ரல் 1 முதல் ஆயில் தயாரிப்பவர்களுக்கும் இறக்குமதி செய்பவர்களுக்கும் அதைத் திரும்ப எடுத்து மறுசுத்திகரிப்புக்கு அனுப்பும் பொறுப்பும் சட்டமாகியிருக்கிறது. மூடி இறுகிய, உள்ளே என்ன என்று எழுதி ஒட்டிய பாட்டிலாகக் கொடுத்தால் பழைய ஆயில் எடுப்பவர் தண்ணீர் கலந்ததா என்று சந்தேகிக்காமல் வாங்கிக்கொள்வார். டிராக்டர் ஆயிலை மட்டும் தனி கேனில் வைக்க வேண்டும், சேற்றுத் தண்ணீர் பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.